பழைய நாற்காலிக்குப் புது மெருகு!

வீட்டுக்கு வீடு ஒரு பழைய மரச்சாமான் இருக்கிறது.

தாத்தா சாய்ந்து உட்கார்ந்த நாற்காலி. பாட்டி சீதனமாகக் கொண்டு வந்த பெட்டி. பிள்ளைகள் ஏறிக் குதித்து வளர்ந்த பெஞ்சு. இரண்டு தலைமுறை ஆடிய ஊஞ்சல் பலகை.

இப்போது நிறம் மங்கிவிட்டது. தொட்டால் சொரசொர என்று இருக்கிறது. "இடத்தை அடைத்துக்கொண்டு இது எதற்கு?" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்கிறார். மறுநாள் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டியில் அது ஏறிவிடுகிறது. கைக்கு வருவது சொற்பக் காசு.

வாங்கியவர் அதைத் தேய்க்கிறார். மெருகு ஏற்றுகிறார். நல்ல விலைக்கு விற்கிறார். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. செட்டிநாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் புழங்கிய சாமான்களைத் தேடி அங்கே வெளியூரார் மட்டுமல்ல, வெளிநாட்டாரும் வருகிறார்கள்.

மரம் கெட்டுப்போகவில்லை. மேலே இருந்த மெருகுதான் போய்விட்டது. அதை வீட்டிலேயே திரும்ப ஏற்றலாம். பெரிய செலவு கிடையாது. அரக்கு, ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு ஆகிய மூன்றும் இயற்கை தந்த பொருள்கள். இவையே போதும்.

ஆனால் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

எந்த எண்ணெய் மரத்தில் உலரும்?

வேலை முடிந்த பிறகு எண்ணெய்த் துணியை என்ன செய்வது?

முதல் விடை தெரியாவிட்டால் நாற்காலி கெடும். இரண்டாவது விடை தெரியாவிட்டால் வீடே எரிந்து போகலாம்!

மரத்துக்கு மெருகு எதற்கு?

வெட்டி, அறுத்து, நாற்காலியாகச் செய்த பிறகும் மரம் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பருக்கிறது. வெயில் காலத்தில் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. ஐப்பசியில் கதவு இறுகிக்கொள்வதும், சித்திரையில் அதே கதவு லேசாகத் திறப்பதும் இதனால்தான்.

மாறி மாறிப் பருத்துச் சுருங்கினால் மரத்தில் வெடிப்பு விழும். பொருத்துகள் ஆட்டம் காணும். மெருகு இந்த வேகத்தைக் குறைக்கிறது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே இறங்காமல் காக்கிறது. அழகு அதற்குப் பிறகுதான்.

எந்த எண்ணெய் உலரும்?

பல வீடுகளில் மரச்சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். தடவிய அன்று பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பிசுபிசுப்பு. அதன்மேல் தெருத் தூசி முழுவதும் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு காறல் வாடை அடிக்கும்.

காரணம், தேங்காய் எண்ணெய் உலராத எண்ணெய். கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படியே.

ஆளிவிதை எண்ணெய் வேறு ஜாதி. கடைக்காரர்கள் இதை லின்சீட் ஆயில் என்பார்கள். இது காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்து, அதோடு சேர்ந்து கெட்டியாகிறது. மரத்துக்குள் ஊறி, அங்கேயே இறுகிவிடும். தண்ணீர் காய்வதுபோல இது ஆவியாகிப் போவதில்லை. எண்ணெயே மாறி, மெல்லிய தோலாக ஆகிவிடுகிறது.

இந்த எண்ணெய் கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று பச்சை எண்ணெய். இது உலரப் பல நாள் பிடிக்கும். மற்றொன்று 'பாயில்டு' எண்ணெய். இது ஏறக்குறைய ஒரு நாளில் உலரும். சீக்கிரம் உலர்வதற்காக இதில் உலோக உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். ஆகவே தொட்டிலுக்கும், சமையல் சாமானுக்கும், குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கும் இதைப் பூசக் கூடாது. பச்சை எண்ணெயை வாங்கி வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பார்ப்பதும் கூடாது. தீப்பிடிக்கும்.

பூச்சி தரும் அரக்கு

பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டுவித்த அரக்கு மாளிகையின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்னஞ்சிறு பூச்சியிடமிருந்து!

புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் இந்தப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். கிளையின் சாற்றை உறிஞ்சும். உடம்பைச் சுற்றி ஒரு பிசினைக் கசியவிட்டு, அதற்குள்ளேயே வாழும். அந்தப் பிசின்தான் அரக்கு. சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே புரசு மரம்தான் இந்தப் பூச்சிக்கு வீடு.

கிளையிலிருந்து அரக்கைச் சுரண்டி எடுக்கிறார்கள். இடித்துக் கழுவுகிறார்கள். கழுவிய நீரில் சிவப்புச் சாயம் பிரிந்து வரும். மிச்சத்தை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து, சில்லுகளாக உடைக்கிறார்கள். பார்ப்பதற்கு அவலைப் போலத் தட்டையாக இருக்கும். அவலரக்கு என்ற பெயரும் இதற்கு உண்டு. கடையில் ஷெல்லாக் என்று கேட்டாலும் கிடைக்கும்.

நம் நாட்டில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதியாக விளைகிறது. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பழைய கிராமபோன் தட்டுகளில் அரக்குதான் முக்கியச் சரக்கு. தபால் உறைக்குச் சிவப்பு முத்திரை வைத்ததும் அரக்கினால்தான். சுத்தம் செய்த அரக்கை மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகவும் பூசுகிறார்கள்.

கர்நாடகத்துச் சன்னபட்டணம் பொம்மைகளின் பளபளப்பும் அரக்கின் வேலைதான். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் சுத்தம்

மெருகு நன்றாக வருவதும் வராததும் தேய்ப்பதைப் பொறுத்தது.

நாற்காலியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மரத்தில் சின்னச் சின்னத் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். மெருகு வண்டைக் கொல்லாது. முதலில் தச்சரிடம் காட்டிப் பரிகாரம் தேட வேண்டும்.

பழைய பெயிண்ட் இருந்தால் மிகவும் ஜாக்கிரதை! அந்நாளைய பெயிண்டுகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி செய்தது. அது 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பெயிண்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். உலர்ந்த பெயிண்டை வீட்டுக்குள் சுரண்டித் தூள் பறக்கவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகே இருக்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி, நனைத்து நனைத்துத் தேய்ப்பது நல்லது. முகமூடி அவசியம்.

பெயிண்ட் இல்லாத மரத்தைத் தேய்ப்பதும் மூடிய அறையில் வேண்டாம். மரத்தூள் மூச்சுக்கு ஆகாது.

உப்புத்தாளின் பின்புறம் ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். முதலில் 80-ஆம் எண். பிறகு 120. கடைசியில் 220. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். மெருகு ஏற்றிய பிறகு அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும்.

கடைசித் தேய்ப்புக்குப் பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் மேலே எழும்பும். அதை 220 தாளால் மெல்லத் தடவி எடுத்தால் பலகை பட்டுப்போல் ஆகிவிடும்.

அரக்கு மெருகு ஏற்றும் முறை

நூறு கிராம் அரக்குச் சில்லுக்கு அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட் போதும். இரண்டையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூட வேண்டும். இரும்பு டப்பா கூடாது; அரக்கு கறுத்துவிடும். அவ்வப்போது குலுக்கினால் ஒரே இரவில் கரைந்துவிடும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கரைசல் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது அரக்கில் இயல்பாக உள்ள மெழுகு.

வேண்டிய அளவு மட்டும் கரைப்பது சிக்கனம். கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த அரக்கு சரியாக உலராது. பிசுபிசுக்கும்.

நாள் பார்த்துத் தொடங்க வேண்டும். இது பஞ்சாங்கம் பார்க்கும் நாள் அல்ல, வானம் பார்க்கும் நாள்! மழை நாளில் பூசினால் மெருகின்மேல் வெள்ளைப் படலம் படரும். வெயிலடிக்கும் நாளில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் பூச வேண்டும்.

பழைய பருத்தித் துணியில் கொஞ்சம் பஞ்சை வைத்து முடிச்சாகக் கட்டிக்கொள்ளலாம். பஞ்சில் அரக்குக் கரைசலை விட்டுப் பிழிந்தால் துணி வழியே மெல்லக் கசியும். அதை மரத்தின்மேல் ஓட்டமாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் முடிச்சு ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். பூசிய இடத்தையே உடனே திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் கூடாது.

முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்கட்டும். அரை மணியில் தொட்டால் ஒட்டாது. இருந்தாலும் இரண்டு மணி நேரம் பொறுத்து அடுத்த பூச்சு பூசுவது நல்லது. ஒரு நாளைக்கு மூன்று பூச்சுக்கு மேல் வேண்டாம். இரண்டு பூச்சுக்கு ஒரு தடவை பழைய 220 தாளால் லேசாகத் தடவி, தூளைத் துடைத்துவிட வேண்டும். ஆறு அல்லது ஏழு பூச்சு ஆனதும் மரத்தின் ரேகை உள்ளிருந்து ஒளி விடுவதுபோல் தெரியும்.

கனமாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் வேலை கெடும். அவசரக்காரருக்கு அரக்கு ஒத்துவராது!

ஸ்பிரிட் பாட்டில் ஜாக்கிரதை

பாலிஷ் ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இதில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருப்பதுண்டு. அது கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான்.

ஆகவே ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ, குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பாட்டிலின்மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

எண்ணெயும் மெழுகும்

ஊஞ்சல் பலகை, பெஞ்சு, மணை போல அடிக்கடி புழங்கும் சாமானுக்கு எண்ணெய் மெருகு நல்லது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஆளிவிதை எண்ணெய் உலரத் தாமதமாகும். முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

எண்ணெயைத் துணியால் தடவ வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். மேலே மிஞ்சி நிற்பதைச் சொட்டு விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும்.

அதன்மேல் மெழுகு. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நாலு பங்கு பச்சை ஆளிவிதை எண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி, மெழுகை உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். ஆகவே வெந்நீரின் சூடே போதும். உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெயைக் கலக்க வேண்டும். ஆறினால் களிம்புபோல் ஆகும். அதை மெல்லத் தடவி, சற்றுப் பொறுத்து, காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்காவிட்டாலும் இதமான மெருகு ஏறும்.

சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டிகளுக்கு இத்தனையும் வேண்டாம். வெறும் தேன்மெழுகைச் சூடுகாட்டித் தடவினால் போதும்.

துணியிலிருந்து பிறந்த தீ

இனி அந்த இரண்டாவது கேள்வி. வேலை முடிந்தது. எண்ணெய் துடைத்த துணி கையில் இருக்கிறது. அதைச் சுருட்டி ஒரு மூலையில் போடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் அமெரிக்காவில் ஒரு மாபெரும் கட்டிடத்தையே அழித்தது!

பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்று 38 மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதன் 22-ஆவது மாடியில் மரவேலைகளுக்கு மெருகு ஏற்றினார்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகள் அங்கேயே கிடந்தன. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி இரவு, துணி தானாகவே பற்றிக்கொண்டது.

தீ மாடி மாடியாக ஏறியது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் மூன்று பேர் உயிர் துறந்தார்கள். 30-ஆவது மாடியில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன. அவைதான் கடைசியில் தீயைத் தடுத்து நிறுத்தின. அந்தக் கட்டிடம் மறுபடி திறக்கப்படவே இல்லை. பின்னர் இடித்துத் தள்ளினார்கள்.

துணி எப்படித் தானாக எரியும்?

ஆளிவிதை எண்ணெய் பிராணவாயுவோடு சேர்ந்து உலர்கிறது அல்லவா? அப்படிச் சேரும்போது சூடு பிறக்கும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். சுருட்டிப் போட்ட துணியில் சூடு வெளியேற வழியில்லை. வைக்கோற்போர் உள்ளுக்குள் சூடேறுவதுபோல் சூடு ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் புகையும். பிறகு எரியும். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் இது நடக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. துணியை வீட்டுக்கு வெளியே, நிழலில், மடிப்பில்லாமல் ஒற்றையாக விரித்துக் காயப்போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று போடக் கூடாது. விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் குப்பைக்குப் போகலாம். விரிக்க இடம் இல்லாவிட்டால், தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முழுக்கப் போட்டு, மூடி வெளியே வைக்க வேண்டும். எண்ணெய் கலந்த மெழுகைத் தொட்ட துணிக்கும் இதே விதிதான்.

மெருகைக் காப்பது எப்படி?

அரக்குக்குச் சூடு ஆகாது; சுமார் 75 டிகிரியில் இளகிவிடும். சுடச்சுடக் காப்பி டபராவை நேரே வைத்தால் வெள்ளை வட்டம் விழும். கீழே ஒரு துணி விரித்துவிட்டால் வம்பில்லை.

வட்டம் விழுந்துவிட்டதா? மெல்லிய துணியில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் தொட்டு, பட்டும் படாமலும் வேகமாக ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். அரக்கு மெருகின் பெரிய சௌகரியம் இதுதான். சுரண்டி எறிய வேண்டியதில்லை. புதுப் பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும்.

முதல் தடவையே பாட்டியின் பெட்டியில் கை வைக்க வேண்டாம். ஒரு சின்ன மணையில் தொடங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பு. அடுத்த ஞாயிறு பூச்சு. அதற்குள் கை பழகிவிடும். பிறகு பெஞ்சு, அதற்குப் பிறகு நாற்காலி, கடைசியில் பெட்டி.

ஒவ்வொரு முறையும் பாட்டிலை மூடிப் பூட்டி, துணியை வெளியே விரித்துப் போட்ட பிறகுதான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, தேக்கின் ரேகை மறுபடி தெரிவதை ஆற அமர உட்கார்ந்து பார்க்கலாம்.